மூக்கு செவந்தவன் எல்லாம் குடிகாரன் இல்லைங்க

இந்தப் பக்கத்துல வழக்கமா மஞ்சள், கரும்பு, மாடு, மழைன்னுதான் எழுதுவேன். இன்னைக்கு என் மூஞ்சியைப் பத்தி எழுதப்போறேன். ஒரு வருசமா எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டே இருந்த விசயம் இது. போன வாரம் சந்தையில பழைய கூட்டாளி ஒருத்தன், "என்ன மாப்ள, பகல்லயே ஏத்திட்டு வந்துட்டியா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான். ஆனா அன்னைக்கு ராத்திரியே எழுதிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

நான் குடிக்கறதில்லைங்க. பொங்கலுக்கும் இல்லை, நோம்பிக்கும் இல்லை. ஆனா என் மூக்கும் ரெண்டு கன்னமும் ஏழு வருசமா குடிகாரன் மூஞ்சி மாதிரிதான் இருக்குது. அதுக்கு ரோசேசியான்னு பேரு. அந்தப் பேரைத் தெரிஞ்சுக்கறதுக்கே எனக்கு அஞ்சு வருசம் ஆச்சு.

எங்க ஊர் கவுந்தப்பாடிக்குப் பக்கம். இங்க நாட்டுச் சர்க்கரை காய்ச்சாத தோட்டம் கம்மி. பழனி பஞ்சாமிர்தத்துக்கு எங்க பக்கத்துச் சர்க்கரைதான் போகுது, தெரிஞ்சிருக்கும். கரும்பு ஆட்டி, சாறைக் கொப்பரையில ஊத்தி, சுண்ணாம்பு போட்டு, அழுக்கு எடுத்து, பாகு பதம் வர்ற வரைக்கும் அடுப்புக்கு மேல குனிஞ்சு நிக்கணும். கீழே காய்ஞ்ச கரும்புச் சக்கை எரியும், மேலே ஆவி அடிக்கும். எங்கய்யன் நாப்பது வருசம் நின்னார். அவருக்கப்புறம் நான் நிக்கறேன்.

நாப்பத்தொம்பது வயசுல எனக்கு முதல்ல வந்தது செவப்பு இல்லை, எரிச்சல். அடுப்புல இருந்து வந்து மூஞ்சி கழுவினா மிளகாய்ப்பொடி தடவின மாதிரி இருக்கும். அப்புறம் மூக்கைச் சுத்தியும் கன்னத்துலயும் சின்னச் சின்னக் கொப்புளம். நான் மாநிறத்துக்கும் கொஞ்சம் கருப்பு. அதனால யாருக்கும் செவப்புன்னு தெரியலை, செம்பு களிம்பேறின மாதிரி ஒரு நெறம். "வெயில்ல கருத்துட்டீங்க"ன்னு சம்சாரம் சொன்னா. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அதுக்கப்புறம் ஊர் வைத்தியம் ஆரம்பிச்சுது. சூடு பிடிச்சிருக்குதுன்னு வாரம் ரெண்டு தடவை எண்ணெய் தேச்சுக் குளிச்சேன். மஞ்சள் அரைச்சுப் போட்டேன். நானே வெளைய வெச்ச மஞ்சள்தான், அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்லை, அப்படி எரிஞ்சுது. அக்கின்னு ஒருத்தர் சொல்ல, பக்கத்து ஊர்ல மண்பானை செய்யறவர்கிட்டப் போய் மூஞ்சியில காவியால அக்கி எழுதிக்கிட்டேன். ரெண்டு கன்னத்துலயும் சிங்கம் வரைஞ்சு, மூணு நாள் கழுவாம இருந்தேன். எருமை என்னைப் பார்த்து மெரண்டுது, அதுதான் மிச்சம். கத்திரிக்காய் நிறுத்தினேன், கருவாடு நிறுத்தினேன், புளி நிறுத்தினேன். ஒண்ணும் ஆகலை.

அப்புறந்தான் பெரிய தப்பு பண்ணினேன். ஒரு மருந்துக்கடையில போய் மூஞ்சியைக் காட்டினேன். சின்ன ட்யூப் ஒண்ணு குடுத்தாங்க, வெலையும் கம்மி. நாலே நாள்ல மூஞ்சி பளபளன்னு ஆயிடுச்சுங்க. கொப்புளம் காணோம், எரிச்சல் காணோம், நெறம்கூட கொஞ்சம் வெளுத்துது. இத்தனை நாள் அக்கி எழுதிட்டுத் திரிஞ்சோமேன்னு எனக்கே சிரிப்பு. ட்யூப் தீரத் தீர வாங்கினேன். சீட்டு எதுவும் கேக்கலை, நானும் குடுக்கலை. ஒன்றரை வருசம்.

முதல்ல ஒரு நாளைக்கு ஒரு தடவை பூசினாப் போதும். அப்புறம் ரெண்டு தடவை ஆச்சு. ஒரு நாள் பூச மறந்தா மறுநாள் மூஞ்சி தீயா எரியும். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிஞ்சு போச்சு, கன்னத்துல நூல் நூலா ரத்தக்குழாய் தெரிஞ்சுது. கருப்பு மூஞ்சியிலயும் இப்போ செவப்பு நல்லாவே தெரிஞ்சுது. மூக்கு நுனி தடிச்சு, மினுமினுன்னு இருந்துச்சு.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பொண்ணு பார்க்க வந்தாங்க. சித்திரை மாசம், மத்தியானம் பதினொரு மணி. காலையில இருந்து ஒறம்பரையை வரவேத்து வாசல் வெயில்லயே நின்னுட்டிருந்தேன். உள்ளே வெசனம் வேற. சூடா காப்பி குடுத்தாங்க, மாப்பிள்ளையோட அப்பாவும் நானும் சேர்ந்து குடிச்சோம். குடிச்சு முடிக்கறதுக்குள்ள மூஞ்சி குபுகுபுன்னு ஏறிடுச்சு. கண்ணும் செவந்துடுச்சு. எனக்கே தெரிஞ்சுது, கண்ணாடி பார்க்க வேண்டியதில்லை, காது மடல் வரைக்கும் சூடு. அவர் என் மூஞ்சியைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். நல்லாத்தான் பேசிட்டுப் போனாங்க.

ஒரு வாரம் கழிச்சு தரகர் வந்தார். ஜாதகம் சரியில்லைன்னு சொன்னார். நான் விடலை. கடைசியில, "ஏனுங்கண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, பொண்ணோட அப்பாவுக்குப் பழக்கம் இருக்குது போல, காலையிலயேன்னு அவங்க பேசிக்கிட்டாங்க"ன்னார். அவர் போன பின்னால நான் வீட்டுக்குள்ள போகலை. மாட்டுச் சாளையில போய் உக்காந்துட்டேன். பொண்ணு வந்து, "அப்பா, எனக்கு அந்த மாப்பிள்ளையே பிடிக்கலைப்பா"ன்னா. பொய்ன்னு ரெண்டு பேருக்குமே தெரியும்.

அப்போ எனக்கு எங்கய்யன் ஞாபகம் வந்துச்சு. ஆனா அதைப் பின்னால சொல்றேன்.

மறுவாரம் ஈரோட்டுல ஒரு தோல் டாக்டர்கிட்டப் போனேன். என் பொண்ணு வயசுலேர்ந்து ஒரு பத்து வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். அந்தம்மா முதல்ல மூஞ்சியைப் பார்க்கலை, "என்ன பூசறீங்க ஐயா?"ன்னுதான் கேட்டாங்க. பையில இருந்த ட்யூபை எடுத்துக் குடுத்தேன். படிச்சுப் பார்த்துட்டு மேசை மேல வெச்சாங்க. பீட்டாமெத்தசோன்னு ஸ்டீராய்டு. "இதைச் சீட்டு இல்லாம விக்கவே கூடாது"ன்னாங்க. 2018-லயே மத்திய அரசு இந்த மாதிரி 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு சட்டத்துல சேர்த்துடுச்சாம். எனக்கு அது தெரியாது.

அப்புறம் லென்ஸ் வெச்சுப் பார்த்தாங்க. சின்னக் கண்ணாடித் துண்டைக் கன்னத்துல அழுத்தி, நெறம் எப்படி மாறுதுன்னு பார்த்தாங்க. கருப்புத் தோல்ல செவப்பு தெரியாததால இந்த நோயைப் பல பேர் தவற விட்டுடறாங்க, பருன்னும் மங்குன்னும் வெயில்னும் சொல்லிடறாங்கன்னாங்க. வெள்ளைக்காரங்களுக்குத்தான் இது வரும்னு ஒரு பேச்சும் இருக்குதாம். அது சரியில்லையாம், அவங்க தோல்ல பளிச்சுன்னு தெரியும், நமக்குத் தெரியாது, பாதி வித்தியாசம் அதுதான்னாங்க. பருவுல கருப்பு முள்ளு இருக்கும், இதுல இருக்காது. லூபஸ்னு வேறொரு நோய்லயும் இதே இடம் செவக்குமாம், அது இல்லைன்னு உறுதி பண்ண ரத்தம் எடுத்தாங்க. "கண்ணு உறுத்துதா, மணல் விழுந்த மாதிரி?"ன்னு கேட்டாங்க. ஆலைப் புகைன்னு நெனச்சு நான் பல வருசமா கண்ணைக் கசக்கிட்டிருந்தேனே, அதுவும் இதோட சேர்ந்ததுதானாம். கண்ணை விட்டுடக் கூடாது, கண் டாக்டரையும் பார்க்கணும்னு எழுதிக் குடுத்தாங்க.

"இது எதனால வருதுங்க?"ன்னு கேட்டேன். இதுதான் காரணம்னு ஒரே ஒண்ணைக் கை காட்ட மருத்துவத்தால இன்னும் முடியலைன்னு நேராவே சொன்னாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பல விசயம் சேர்ந்து வருது. பரம்பரையா வர வாய்ப்பு உண்டு. மூஞ்சியில இருக்கற சின்ன ரத்தக்குழாய்ங்க, சூடு பட்டா சட்டுன்னு விரியற குணம் சில பேருக்கு உண்டு. கிருமியை அடிக்கறதுக்குன்னு தோல் கேத்தலிசிடின்னு ஒரு பொருளைச் சுரக்கும், அது இந்த மாதிரி ஆளுங்களுக்கு அளவுக்கு மீறி வேலை செஞ்சு தோலையே புண்ணாக்குது. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அதுலதான் எனக்கு மொத்தமும் வெளங்கிடுச்சு. டெமோடெக்ஸ்னு ஒரு சிலந்திப்பேன்.

நம்ம கத்திரியிலயும் மரவள்ளியிலயும் வருதே செம்பேன், தென்னையில குரும்பையைச் சொறி பிடிக்க வெக்குதே ஈரியோபைட், அதுங்களோட தூரத்துச் சொந்தம். மனுசன் மூஞ்சியில முடிக்காலுக்குள்ள குடியிருக்குது. மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்குதான் நீளம், கண்ணுக்குத் தெரியாது. பெரியவங்க மூஞ்சியில எல்லாம் அநேகமா இருக்குதாம், உங்க மூஞ்சியிலயும்தான். இருந்தா ஒண்ணும் செய்யாது. ரோசேசியா இருக்கற மூஞ்சியில மட்டும் எண்ணிக்கை ரொம்ப அதிகமா இருக்குதாம்.

வெவசாயிக்கு இதைப் புரிய வெக்க வேண்டியதில்லைங்க. செம்பேன் எல்லா வயல்லயும் கொஞ்சம் இருக்கும். அதைத் தின்னு அடக்கி வெக்கற பூச்சிங்களும் கூடவே இருக்கும். நாம எதையோ கொல்றேன்னு கடுமையான மருந்தை அடிப்போம், நாலு நாள் செடி பளிச்சுன்னு நிக்கும். காவல் காத்த பூச்சி செத்திருக்கும், செம்பேன் மிச்சம் இருக்கும். பதினஞ்சு நாள்ல இலையெல்லாம் செம்பட்டை. திரும்பவும் அடிப்போம். பருத்தி போட்ட காலத்துல நான் இப்படி ஒரு வருசம் பூரா கடைக்காரருக்கே சம்பாதிச்சுக் குடுத்தேன். அந்த ட்யூப் என் மூஞ்சிக்குப் பண்ணினதும் அதேதான். ஸ்டீராய்டு, தோலோட எதிர்ப்பை அடக்கினதால எரிச்சல் அடங்குச்சு. அந்தக் காவல் அடங்கினதால பேன் பெருகுச்சு. ரத்தக்குழாய் விரிஞ்சு, தோல் மெலிஞ்சுது. பருத்தியில படிச்ச பாடத்தை என் மூஞ்சியில மறந்துட்டேன்.

ட்யூபை நிறுத்தின முதல் மூணு வாரம் நரகம். "மோசமாகும், பயந்துட்டு திரும்பப் பூசிடாதீங்க"ன்னு முன்னாடியே சொல்லித்தான் அனுப்பினாங்க. மூஞ்சி வீங்கிச்சு. தலையணை பட்டா எரியும். ஈரத்துணியைப் போட்டுக்கிட்டு திண்ணையில படுத்திருந்தேன். ரெண்டு தடவை அந்தக் கடை வரைக்கும் வண்டியை ஓட்டிட்டுப் போய் திரும்பி வந்தேன்.

மருந்து டாக்சிசைக்கிளின் மாத்திரையும், மெட்ரோனிடசோல் ஜெல்லும். பின்னால ஐவர்மெக்டின் களிம்பு. இந்தக் கடைசிப் பேரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க வெள்ளாட்டுக்குச் சொறி வந்தப்போ கால்நடை டாக்டர் ஊசி போட்டது அதுதானே! ஜப்பான்ல சத்தோஷி ஓமுராங்கற விஞ்ஞானி எடுத்துட்டு வந்த ஒரு பிடி மண்ணுல இருந்த நுண்ணுயிர்ல இருந்துதான் அந்த மருந்தோட மூலம் கெடைச்சுது. 2015-ல அவருக்கும், கூட வேலை செஞ்ச கேம்பெல்லுக்கும் நோபல் பரிசு குடுத்தாங்க. மண்ணைப் பத்தி எழுதற ஆளுக்கு இதைச் சொல்லாம விட மனசு வரலை. ஆனா ஒண்ணு, ஆட்டு மருந்தை எடுத்து யாரும் மூஞ்சியில பூசிடாதீங்க. நான் பேரு சொல்றது நீங்க கடையில போய்க் கேக்கறதுக்கும் இல்லை. அப்படிக் கேட்டுத்தான் நான் கெட்டேன்.

காரணத்தை மாத்த முடியாது, தூண்டி விடறதைத்தான் மாத்த முடியும்னு டாக்டரம்மா சொன்னாங்க. தூண்டறது ஆளுக்கு ஆள் மாறும், அதனால தினமும் எழுதி வெக்கச் சொன்னாங்க. என்கிட்ட தண்ணி முறையும் ஆள் கூலியும் எழுதற நோட்டு ஒண்ணு இருக்குது. அதுலயே ஓரத்துல எழுத ஆரம்பிச்சேன். அதுல இருந்து சிலது:

"காலை 6, டீ, கொதிக்கக் கொதிக்க. 6.20க்கு ஏறிடுச்சு." அடுத்த நாள் அதே டீயை ஆற வெச்சுக் குடிச்சேன், ஒண்ணும் இல்லை. டீ குத்தவாளி இல்லை, சூடுதான் குத்தவாளி. சுடச்சுடக் கொள்ளு ரசமும் அப்படியே.

"கொப்பரை முன்னாடி 2 மணி நேரம். ராத்திரி வரைக்கும் எரிச்சல்." இதுக்கு சந்தேகமே இல்லை, முதல் எதிரி இதுதான்.

"தண்ணி முறையில பக்கத்துத் தோட்டக்காரரோட சண்டை. வெயில் இல்லை, அடுப்பு இல்லை, சாயங்காலம். ஆனாலும் ஏறிடுச்சு." கோவமும் வெசனமும்கூடத் தூண்டும்.

"மிளகாய் வறுத்த நாள், ஏறிடுச்சு. கருவாடு தின்னேன், ஒண்ணும் இல்லை. கத்திரிக்காய், ஒண்ணும் இல்லை." மூணு வருசம் கருவாடு தின்னாம இருந்தேனேங்க!

சாராயமும் தூண்டும்ங்கறது உண்மைதான், குடிக்கற ஆளுக்கு. ஆனா தூண்டறது வேற, காரணம் வேற. ஒரு சொட்டுக் குடிக்காதவனுக்கும் வரும். இந்த ஒண்ணைத்தான் ஊர் புரிஞ்சுக்க மாட்டேங்குது. ரத்தக் கொதிப்பு மாத்திரை சிலதும் மூஞ்சியைச் செவக்க வெக்குமாம். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்டச் சொல்லுங்க. வெயிலுக்கு துத்தநாகம் கலந்த க்ரீம் பூசறேன். சாம்பல் பூசின மாதிரி வெள்ளையா நிக்கும். முதல் நாள் களை எடுக்க வந்த பொம்பளைங்க கூத்துக்காரன் வந்துட்டான்னு சிரிச்சாங்க. இப்போ அதுல ரெண்டு பேர், எங்களுக்கும் வாங்கித் தரலாம்லங்கறாங்க.

இப்போ எங்கய்யனைப் பத்திச் சொல்லிடறேன்.

பாகு பதம் பார்க்கறதுல எங்க சுத்துவட்டாரத்துல அவருக்கு மேல ஆள் இல்லை. ஒரு துளியை எடுத்துத் தண்ணியில விட்டு, விரல்ல உருட்டிப் பார்த்து, "எறக்கு"ம்பார். அவர் மூஞ்சி கருஞ்செவப்பு. மூக்கு கடைசிக் காலத்துல கட்டி கட்டியா, எலந்தைப் பழம் ஒட்ட வெச்ச மாதிரி இருக்கும். ஆலைக்குப் போற ஆளுங்க குடிக்கறது உண்டு, அதனால அவரும் குடிக்கறார்னு ஊர் பேசுச்சு. எனக்கு அப்போ இருபத்தி மூணு வயசு. ஒரு ராத்திரி அவர் ஆலையில இருந்து வந்தார். மூஞ்சி செவந்து, கண்ணு கலங்கி இருந்துச்சு. வீட்டுல ஒறம்பரை இருந்தாங்க. எல்லார் முன்னாடியும் நான், "குடிச்சுட்டு வந்து ஏன் மானத்தை வாங்கறீங்க?"ன்னு கேட்டுட்டேன்.

அவர் ஒண்ணுமே சொல்லலைங்க. துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வெளியில போனார். அதுக்கப்புறம் ஒறம்பரை வந்தா அவர் மாட்டுச் சாளைப் பக்கமே இருந்துக்குவார். அவர் போய்ச் சேர்ற வரைக்கும் அதைப் பத்தி நாங்க பேசிக்கவே இல்லை. நான் நெனச்சது சரின்னுதான் இத்தனை வருசமும் இருந்தேன்.

டாக்டரம்மாகிட்ட அவர் போட்டோவைக் காட்டினேன். கருப்பு வெள்ளை, செவப்பு தெரியாது, மூக்கு மட்டும் தெரியுது. ஆளைப் பார்க்காம சொல்ல முடியாது ஐயான்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, ரோசேசியாவைக் கவனிக்காம விட்டா சில ஆம்பளைங்களுக்கு மூக்கு இப்படி வளரும், பரம்பரையிலயும் வரும், அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்னாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் எங்கம்மாகிட்டக் கேட்டேன். எம்பத்திரண்டு வயசு, மொறத்துல துவரை பொடைச்சுட்டு இருந்தாங்க. "அய்யன் குடிச்சாரா அம்மா?"

அம்மா மொறத்தை நிறுத்தலை. "கொப்பரைகிட்ட நின்னுட்டு வந்தா அப்படித்தான் செவக்கும். பச்சத்தண்ணியில துணி நனைச்சு நான்தான் ஒத்திக் குடுப்பேன். ஒரு நாளும் வாயில நாத்தம் இல்லை சாமி"ன்னாங்க.

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"உங்கய்யன் சொல்ல வேண்டாம்னுட்டார்."

நான் வெளியில வந்துட்டேன்.

பொண்ணுக்கு இந்த ஆவணியில கல்யாணம் முடிஞ்சுது. இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டார் வந்து உக்காந்ததும் முதல் வேலையா, "என் மூஞ்சி செவந்திருக்கும், அது ஒரு நோய், குடி இல்லை"ன்னு சொல்லிட்டு, மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டினேன். சம்சாரம் தலையில அடிச்சுக்கிட்டா. சம்பந்தி மட்டும் பக்கத்துல நகர்ந்து வந்து, "எங்க அண்ணனுக்கும் இப்படித்தாங்க மூக்கு இருக்கும், நாங்களும் அவரை ரொம்ப நாளா..."ன்னு ஆரம்பிச்சு, அங்கேயே நிறுத்திட்டார். அவங்க அண்ணனை அந்த டாக்டரம்மாகிட்டயே கூட்டிட்டுப் போனேன்.

முழுசா குணமாகலைங்க, ஆகாதுன்னும் சொல்லிட்டாங்க. எரிச்சல் முக்கால்வாசி போயிடுச்சு, கொப்புளம் வர்றதில்லை. மூக்கு தடிச்சது தடிச்சதுதான். அடுத்த வாரம் ஆலை ஆரம்பிக்குது. இந்த வருசம் அடுப்பை ராத்திரி ரெண்டு மணிக்கே பத்த வெச்சு, வெயில் ஏறறதுக்குள்ள எறக்கிடலாம்னு இருக்கேன். கெளறு கரண்டிக்கு ரெண்டு முழம் கூடுதலா மூங்கில் பிடி போட்டாச்சு, கொப்பரைக்குப் பக்கத்துல காத்தாடியும் வெச்சாச்சு. பதம் பார்க்கறது மட்டும் இன்னும் நான்தான், அதை ஆள்கிட்ட விட மனசு வரலை. சர்க்கரை வேணும்ங்கறவங்க முன்கூட்டியே சொல்லிடுங்க, போன வருசம் பாதிப் பேருக்கு இல்லைன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.